கேள்வி – பதில்: இன்காக்னிட்டோவில் குக்கி எப்போது அழியும்?

பார்த்த தடம் பிரவுசரில் தங்காதபடி திறக்கும் இன்காக்னிட்டோ, பிரைவேட் விண்டோ பற்றிப் பழைய வட ஆற்காடு வட்டாரத்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில். குக்கி என்பது, உங்களை அடையாளம் வைத்துக்கொள்ள ஒரு தளம் உங்கள் பிரவுசரில் போட்டு வைக்கும் சிறு குறிப்பு.

நகைக்கடனுக்கு எங்கே வட்டி குறைவு என்று குரோம் இன்காக்னிட்டோவில்தான் பார்த்தேன். பார்த்ததும் மூடியும் விட்டேன். மறுநாளே ஃபேஸ்புக்கில் நகைக்கடன் விளம்பரமாக வருகிறது. குக்கி அழியவில்லையா?
– குடியாத்தம் வாசகி

குக்கி அழிந்துவிட்டது. விளம்பரம் வேறு வழியாக வந்திருக்கிறது.

இன்காக்னிட்டோ திறக்கும்போது குரோம் ஒரு குக்கிகூட இல்லாமல் புதிதாகத் தொடங்குகிறது. வழக்கமான விண்டோவில் இருக்கும் குக்கி அங்கே போகாது, அங்கே சேர்ந்தது இங்கே வராது. சேர்வதெல்லாம் கடைசி இன்காக்னிட்டோ விண்டோவை மூடும்வரைதான். அதோடு, நீங்கள் பார்க்கும் தளத்துக்குள் ஒட்டிக்கொண்டிருக்கும் வேறொரு நிறுவனத்தின் குக்கியை, அதாவது தேர்ட் பார்ட்டி குக்கியை, இன்காக்னிட்டோவில் குரோம் 2020 முதல் தானாகவே தடுக்கிறது. தளம் தன் சொந்தப் பெயரில் வைக்கும் குக்கிக்கு மட்டும் தடை கிடையாது.

அந்தத் தளம் வட்டி விவரம் காட்டுவதற்கு முன் மொபைல் எண் கேட்டதா, நீங்களும் கொடுத்தீர்களா என்று யோசித்துப் பாருங்கள். நாங்கள் முதலில் சந்தேகப்படுவது அதைத்தான். கடன் தளங்கள் வாங்கும் எண்ணை ஹாஷ் செய்து, அதாவது ஒரு கணக்கு முறையால் வேறொரு எழுத்துச் சரமாக மாற்றி, விளம்பர நிறுவனத்துக்கு அனுப்பலாம். அந்த நிறுவனம் தன்னிடம் கணக்கு வைத்திருப்பவர்களின் எண்களையும் அதே முறையில் ஹாஷ் செய்து பொருத்திப் பார்க்கும். ஹாஷ் செய்துவிட்டால் எண் தெரியாது என்று சொல்வார்கள். ஆனால் ஒரே எண்ணுக்கு எப்போதும் ஒரே விடைதான் வரும். ஆளைக் கண்டுபிடிக்க அது போதும். இதற்குக் குக்கியே தேவையில்லை, எந்த பிரைவேட் விண்டோவும் இதைத் தடுக்காது. எண் கேட்கும் இடத்தில் நிறுத்திக்கொள்வது ஒன்றுதான் வழி.

எண் கொடுக்கவில்லை என்றால் இன்னும் மூன்று இடங்களைப் பாருங்கள். முதலாவது, இன்காக்னிட்டோவுக்குள்ளேயே கூகுளிலோ ஃபேஸ்புக்கிலோ லாகின் செய்தீர்களா? செய்திருந்தால் அதன்பின் தேடியது உங்கள் கணக்கில் சேரும். கூகுளின் மை ஆக்டிவிட்டி பக்கத்தில் அது இருக்கிறதா என்று பார்க்கலாம்.

இரண்டாவது, லிங்க். ஃபேஸ்புக்கில் வந்த லிங்க்கை காப்பி செய்து இன்காக்னிட்டோவில் ஒட்டினால், முகவரியின் பின்பகுதியில் எஃப்.பி.சி.எல்.ஐ.டி என்ற எழுத்துகளும் ஒரு நீளமான சரமும் கூடவே வரும். கூகுள் விளம்பரம் என்றால் ஜி.சி.எல்.ஐ.டி. எந்தக் கிளிக்கிலிருந்து வந்தீர்கள் என்பதை அது சொல்லிவிடும். அந்த எழுத்துகளில் தொடங்கி முடிவுவரை அழித்துவிட்டு என்டர் தட்டுங்கள், பெரும்பாலும் பக்கம் அப்படியே திறக்கும். ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு 2023-இல் வந்த ஐஓஎஸ் 17 முதல் சஃபாரியின் பிரைவேட் முறை இந்த வாலைத் தானே வெட்டிவிடுகிறது.

மூன்றாவது, வீட்டு வைஃபை. அதில் இருக்கும் எல்லா போன்களும் பொதுவாக ஒரே ஐ.பி. முகவரியில்தான் (இணைய இணைப்பை அடையாளம் காட்டும் எண்) வெளியே தெரியும். வீட்டில் வேறு யாராவது வழக்கமான விண்டோவில் நகைக்கடன் தேடியிருந்தாலும் விளம்பரம் உங்கள் பக்கம் திரும்ப வாய்ப்புண்டு.

மூடினால் அழிந்துவிடும் என்கிறீர்கள். அதைக் கண்ணால் பார்க்க வழி உண்டா?
– காட்பாடி கல்லூரி மாணவர்

உண்டு, நீங்களே செய்து பார்க்கலாம். கம்ப்யூட்டரில் குரோமின் வழக்கமான விண்டோவில் ஒரு செய்தித் தளத்தைத் திறந்து எஃப்12 அழுத்துங்கள். வரும் பலகையின் மேலே அப்ளிகேஷன் என்ற டேப் (இடமில்லாவிட்டால் இரட்டை அம்புக்குறிக்குள் ஒளிந்திருக்கும்), அதில் இடப்பக்கம் குக்கீஸ், அதன் கீழே தளத்தின் முகவரி. பட்டியலில் அடிக்கோடு போட்டு ஜி.ஏ. என்று ஒரு வரி இருக்கும். வருபவர்களைக் கணக்கெடுக்க கூகுள் அனலிட்டிக்ஸ் பயன்படுத்தும் தளங்களில் இருப்பது இது. இல்லையென்றால் வேறு தளம் பாருங்கள். விளம்பரத் தடுப்பான் போட்டிருந்தாலும் வராது.

அந்த வரியின் மதிப்பில், தொடக்க எழுத்துகளைத் தாண்டி, புள்ளி வைத்துப் பிரித்த இரண்டு பெரிய எண்கள் தெரியும். முதலாவது உங்கள் பிரவுசருக்கு எந்த வரிசையும் இல்லாமல் எடுத்துக் கொடுத்த எண். இரண்டாவது, அந்தத் தளத்துக்கு நீங்கள் முதன்முதலில் வந்த நேரம், 1970 ஜனவரி 1-இலிருந்து எண்ணிய விநாடிகளில். இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இப்போது கன்ட்ரோல், ஷிஃப்ட், என் மூன்றையும் சேர்த்து அழுத்தி இன்காக்னிட்டோவில் அதே தளத்துக்குப் போங்கள். இரண்டு எண்ணும் புதிது. இன்னொரு இன்காக்னிட்டோ டேப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, தளம் இருந்த டேப்பை மட்டும் மூடி, மறுபடி அதே தளத்துக்குப் போனால் எண் மாறியிருக்காது. பலரும் ஏமாறும் இடம் இதுதான்: டேப்பை மூடினால் குக்கி அழியாது. எல்லா இன்காக்னிட்டோ விண்டோக்களையும் மூடிவிட்டுத் திறந்தால்தான் எண் மாறும். குக்கியின் காலாவதித் தேதி அடுத்த வருடம் என்று காட்டினாலும் அதைப் பொருட்படுத்த வேண்டாம், மூடும்போது அதுவும் போய்விடும். வழக்கமான விண்டோவில் அந்தத் தேதிவரை இருக்கும். 2022 முதல் குரோம் எந்தக் குக்கியையும் 400 நாளுக்கு மேல் வைத்துக்கொள்வதில்லை, ஆனால் தளத்துக்கு மறுபடி போனால் கெடு நீண்டுவிடும்.

சஃபாரி இதில் வேறு மாதிரி. பிரைவேட் டேப் ஒவ்வொன்றும் தனித்தனி, ஒன்றில் லாகின் செய்தது அடுத்ததில் தெரியாது. ஃபயர்ஃபாக்ஸில் பிரைவேட் விண்டோக்கள் ஒன்றோடொன்று சேர்ந்தவைதான், ஆனால் தளத்துக்குத் தளம் குக்கியைப் பிரித்து வைத்துவிடுகிறது.

போனில் இன்காக்னிட்டோ டேப்களுக்குக் கைரேகைப் பூட்டு போட்டிருக்கிறேன். போதுமா?
– ஆரணி வாசகர்

போனை வாங்கிப் பார்ப்பவரிடமிருந்து காப்பாற்றும். குக்கியை அழிக்காது. பூட்டிய டேப் நான்கு நாள் திறந்திருந்தால் நான்கு நாள் குக்கியும் அங்கேதான் இருக்கும். ஆண்ட்ராய்டில் இன்காக்னிட்டோ திறந்திருந்தால் மேலே நோட்டிஃபிகேஷனில் கண்ணாடி, தொப்பிப் படம் நிற்கும். அதைத் தொட்டால் எல்லா இன்காக்னிட்டோ டேப்களும் மூடிக்கொள்ளும்.

சிகிச்சைக்காக வந்து வேலூர் காந்தி ரோடு பக்கம் லாட்ஜில் தங்கியிருக்கிறோம். மெயிலில் வரும் ரிப்போர்ட், ஆதார் எல்லாம் நெட் சென்டரில்தான் பிரின்ட் எடுக்க வேண்டியிருக்கிறது. இன்காக்னிட்டோ பாதுகாப்பா?
– போளூரிலிருந்து வந்துள்ள வாசகர்

இன்காக்னிட்டோவின் சரியான பயன் இதுதான், ஆனால் முன்னும் பின்னும் கவனம் வேண்டும்.

திறந்ததும் மேலே வலது மூலையைப் பாருங்கள். இன்காக்னிட்டோ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் 2 அல்லது 3 என்று எண் இருந்தால், முன்னால் வந்தவர் ஒரு இன்காக்னிட்டோ விண்டோவை மூடாமல் விட்டுப் போயிருக்கிறார். அவருடைய லாகின் உங்களுக்குத் தெரியும். நீங்கள் உங்கள் விண்டோவை மட்டும் மூடிவிட்டுப் போனால் உங்கள் லாகின் அடுத்து வருபவருக்குத் தெரியும். எல்லாவற்றையும் மூடிவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள்.

வேலை முடிந்ததும் முதலில் சைன் அவுட், அப்புறம்தான் மூடுவது. கரன்ட் போய் அவசரத்தில் எழுந்தாலும், கடைக்காரர் விண்டோவை மினிமைஸ் செய்துவிட்டாலும், சைன் அவுட் ஆகியிருந்தால் கவலையில்லை.

டவுன்லோட் செய்த ஃபைலை இன்காக்னிட்டோ தொடவே தொடாது. ரிப்போர்ட்டும் ஆதாரும் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் அப்படியே கிடக்கும். இ-ஆதாருக்கு பாஸ்வேர்ட் இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்தும் பிறந்த வருடமும்தான் அது, பெயரும் வயதும் தெரிந்தவர் திறந்துவிடுவார். ஃபைலைத் தேர்ந்தெடுத்து ஷிஃப்ட்டோடு டெலீட் அழுத்துங்கள், ரீசைக்கிள் பின்னுக்குப் போகாமல் நீங்கிவிடும். அந்தக் கம்ப்யூட்டரில் தட்டுவதைப் பதிவு செய்யும் மென்பொருள் இருந்தால் இன்காக்னிட்டோ ஒன்றும் செய்யாது. அதனால் பேங்க் வேலையை அங்கே வேண்டாம், உங்கள் போனில் முடித்துக்கொள்ளுங்கள்.

ஆபீஸ் வைஃபையில் இன்காக்னிட்டோ போட்டால் என்ன பார்க்கிறேன் என்று தெரியுமா?
– ராணிப்பேட்டை வாசகர்

எந்தத் தளம் என்பது ஆபீஸுக்குத் தெரியும். முகவரி எச்.டி.டி.பி.எஸ் என்று தொடங்கும் தளம் என்றால் அதற்குள் எந்தப் பக்கம் என்பது தெரியாது. ஆபீஸ் கொடுத்த லேப்டாப் என்றால் அந்தப் பக்கமும் தெரிய வாய்ப்புண்டு, அதில் சொந்த வேலை வேண்டாம்.

கூகுளுக்கே தெரியுமா என்ற கேள்விக்கு அமெரிக்காவில் வழக்கே நடந்தது. 2020-இல் தொடுத்த வழக்கு 2024-இல் சமரசமானது. இன்காக்னிட்டோவில் சேர்த்த கோடிக்கணக்கான பதிவுகளை அழிக்க கூகுள் ஒப்புக்கொண்டது. இன்காக்னிட்டோவின் முதல் பக்கத்தில் இருக்கும் எச்சரிக்கையையும் அதையொட்டி மாற்றினார்கள். ஒருமுறையாவது அதை முழுக்கப் படியுங்கள்.

எப்போதும் இன்காக்னிட்டோவிலேயே இருந்துவிடலாமா?
– ஆம்பூர் வாசகி

ஒவ்வொரு முறையும் லாகின் செய்து சலித்துப்போவீர்கள், லாகின் செய்த பிறகு பாதிப் பயன் போய்விடும். வழக்கமான விண்டோவிலேயே தேர்ட் பார்ட்டி குக்கியைத் தடுப்பது மேல். குரோமில் இவை தானாகவே ஒழிந்துவிடும் என்று காத்திருக்க வேண்டாம், அந்தத் திட்டத்தை 2024-இல் கூகுள் கைவிட்டது.

ஆண்ட்ராய்டு குரோமில் மூன்று புள்ளி, செட்டிங்ஸ், சைட் செட்டிங்ஸ், தேர்ட் பார்ட்டி குக்கீஸ் என்று போய்த் தடுக்கும் வரியைத் தேர்ந்தெடுங்கள். கம்ப்யூட்டரில் செட்டிங்ஸுக்குள் பிரைவசி அண்ட் செக்யூரிட்டியில் இருக்கும். ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி வைத்திருப்பவர்கள் ஒன்றும் செய்ய வேண்டாம், இரண்டும் இதைத் தாமாகவே பார்த்துக்கொள்கின்றன.

தடுத்த பிறகு ஏதாவது ஒரு தளத்தில் கூகுள் வழி லாகின் சுற்றிக்கொண்டே இருக்கலாம், பணம் கட்டும் பக்கம் வெறுமையாக நிற்கலாம். அந்தத் தளத்தை மட்டும் அதே செட்டிங்ஸ் பக்கத்தின் அனுமதிப் பட்டியலில் சேர்த்து, பக்கத்தை மறுபடி லோடு செய்யுங்கள். வேலை முடிந்ததும் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம்.