கேமரா கடைக்கு முன்னால் ஒரு பழைய வார இதழ்

அம்மா, உங்கள் கடிதத்தில் இருப்பது இரண்டு கவலை. மகள் பி.காம் வேண்டாம், பத்திரிகை வடிவமைப்புக்காகப் போட்டோகிராபியும் எடிட்டிங்கும் படிக்கிறேன் என்கிறாள். கையோடு ஒரு லட்ச ரூபாய்க்குக் கேமராவும் கேட்கிறாள். முதல் விஷயத்தில் நான் அவள் கட்சி. இரண்டாவதில் உங்கள் கட்சி.

இப்போதைக்குப் போனே போதும். 12 மெகாபிக்சல் படம் என்றால் 4000-க்கு 3000 பிக்சல், அதாவது புள்ளிகள். நல்ல தாளில் அச்சடிக்க அங்குலத்துக்கு 300 பிக்சல் கேட்பார்கள். வகுத்துப் பாருங்கள், 13 அங்குலத்துக்கு 10 அங்குலம் வருகிறது. ஏ4 பக்கத்தை நிரப்ப அது தாராளம். அதே படத்தை வாட்ஸப்பில் சாதாரணமாக அனுப்பினால் சுமார் 1600 பிக்சலாகச் சுருங்கிவிடும். ஐந்து அங்குலத்துக்கு மேல் இழுத்தால் பிசிறடிக்கும். அந்தப் படத்தைத்தான் "அட்டையில போட்டுடுங்க" என்று நிருபர் அனுப்புவார். வேலையில் சேர்ந்த முதல் வாரமே அவளுக்கு இந்தத் தலைவலி காத்திருக்கிறது.

முதலில் ஒரு பழைய வார இதழையும் ஸ்கேலையும் கையில் கொடுங்கள். தலைப்பு விழுவதற்குப் படத்தில் எவ்வளவு வானம் விட்டிருக்கிறார்கள் என்று அளக்கட்டும். அச்சான பிறகு ஓரத்தில் வழக்கமாக 3 மில்லிமீட்டர் வெட்டுக்குப் போய்விடும் என்பதையும் சொல்லிவையுங்கள். ஆலோசகர் ஆவதற்கு முன் நானும் லேஅவுட் செய்தவன்தான். ஒரு குடும்பப் படத்தை இரண்டு பக்கத்துக்கும் சேர்த்துப் போட்டேன். திரையில் ஜம்மென்று இருந்தது. அச்சாகி வந்தபோது நடுவில் நின்ற தாத்தாவின் மூக்கு மடிப்புக்குள் போயிருந்தது.

நிறமும் அப்படித்தான். திரையில் ஒளி, தாளில் நான்கு மை. பளீரென்ற நீலப் பட்டுச்சேலை கொஞ்சம் அசந்தால் ஊதாவாகிவிடும். இதை நம்ப அச்சகத்தில் நின்று பார்க்க வேண்டும். சாத்தூரில் இருந்துகொண்டு சிவகாசியை விட்டால் எப்படி? இந்த விடுமுறையில் தெரிந்தவர் யாராவது இருந்தால் ஒரு அச்சகத்தில் பத்து நாள் உட்கார வையுங்கள். சம்பளம் கேட்க வேண்டாம்.

கணினியில் பழக, படம் திருத்தும் கிம்ப், பக்கம் அமைக்கும் ஸ்கிரைபஸ் இரண்டும் இலவசம். அலுவலகங்களில் அதே வேலைகளுக்குப் போட்டோஷாப், இன்டிசைன். இன்டிசைனில் தமிழ் யூனிகோடு எழுத்து உடைந்து தெரிந்தால் பயப்பட வேண்டாம், பத்தி அமைப்பில் வேர்ல்ட்-ரெடி கம்போசர் என்ற தேர்வுக்கு மாற்றினால் சரியாகிவிடும். இது தெரியாமல் நாள் முழுக்க எழுத்துருவைத் திட்டிக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

பட்டம் என்றால் சென்னை எழும்பூரில் 1850-இல் தொடங்கிய அரசு கவின் கலைக் கல்லூரி. விஷுவல் கம்யூனிகேஷன் டிசைன் இருக்கிறது. வரையத் தெரிய வேண்டும், இன்றே பென்சிலை எடுக்கட்டும். தனியார் கல்லூரி என்றால் பணம் கட்டுமுன் மாணவர்கள் அச்சடித்த இதழைக் காட்டச் சொல்லுங்கள். பிடிஎப் காட்டினால் யோசியுங்கள்.

பத்திரிகை வேலை குறைந்துகொண்டு வருவது உண்மை, மறைக்கவில்லை. ஆனால் நகைக்கடை கேட்டலாக், பள்ளி ஆண்டுமலர், கல்யாண ஆல்பம் எல்லாவற்றுக்கும் இதே கைதான் வேண்டும்.

மூன்று மாதம் கொடுங்கள். உங்கள் தெருவைப் பற்றி, போனில் எடுத்த படங்களோடு எட்டுப் பக்க இதழ் ஒன்று செய்யட்டும். எட்டு ஏன் என்றால், நடுவில் ஸ்டேபிள் பின் அடிக்கும் இதழில் பக்கங்கள் நான்கு நான்காகத்தான் கூடும். அச்சடித்து எனக்கு ஒரு பிரதி தபாலில் அனுப்பச் சொல்லுங்கள். கேமராவைப் பற்றி அப்புறம் பேசுவோம்.