அளவு ஒன்றுதான், ரொட்டி மட்டும் ஏன் மாறுகிறது?

பினாங்கிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "3 கோப்பை மாவு, 1 கோப்பை தண்ணீர் என்று ஒரே அளவில்தான் ரொட்டி சுடுகிறேன். ஒரு வாரம் பஞ்சு, மறுவாரம் செங்கல். ஏன்?"

குற்றவாளி கோப்பைதான். மாவைச் சலித்துக் கரண்டியால் தூவி நிரப்பினால் ஒரு கோப்பை சுமார் 120 கிராம் பிடிக்கும். டப்பாவுக்குள் கோப்பையை விட்டு அழுத்தி அள்ளினால் 150 கிராமைத் தொடும். மூன்று கோப்பைக்கு 90 கிராம் வேறுபாடு! அதே தண்ணீரில் மாவு இறுகாமல் என்ன செய்யும்? போதாக்குறைக்கு, அமெரிக்கக் கோப்பை சுமார் 237 மில்லிலிட்டர், மெட்ரிக் கோப்பை 250.

தராசு வாங்கிவிடுங்கள். தண்ணீரையும் அதிலேயே நிறுக்கலாம். 1 மில்லிலிட்டர் 1 கிராம்தான். ரொட்டி சுடுபவர்கள் மாவை 100 என்று வைத்து மற்றவற்றைக் கணக்கிடுவார்கள். 500 கிராம் மாவுக்குத் தண்ணீர் 65 சதவீதம், அதாவது 325 கிராம். உப்பு 10 கிராம். இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 5 கிராம்.

அந்த 5 கிராமில்தான் சிக்கல். சமையல் தராசு 1 கிராம் முன்பின் காட்டினாலே ஐந்தில் ஒரு பங்கு தவறு. 0.1 கிராம் வரை காட்டும் சிறு தராசு நல்லது. (லிட்டில் இந்தியாவில் தங்கம் நிறுப்பதைப் பார்த்துத்தான் எனக்கு இந்தப் புத்தி வந்தது.) இல்லையென்றால், தலைதட்டிய ஒரு தேக்கரண்டி ஈஸ்ட் ஏறக்குறைய 3 கிராம். உப்புக்குக் கரண்டியை நம்பாதீர்கள். கல்லுப்பும் தூளுப்பும் ஒரே எடை இராது.

நம் ஊர் ஈரக்காற்றில் திறந்து வைத்த மாவு ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஆகவே 15 கிராம் தண்ணீரை ஒதுக்கி வைத்து, பிசையும்போது கை கேட்டால் மட்டும் சேருங்கள்.