66 வயதில் பாலிசியை விட்டுவிடலாமா?

கேள்வி: எனக்கு வயது 66. சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு. ஏழு வருஷமாக ஹெல்த் பாலிசி கட்டுகிறேன், ஒரு தடவைகூட கிளெய்ம் செய்ததில்லை. போன வருஷம் 38,000 ரூபாய், இந்த வருஷம் 46,000 கேட்கிறார்கள். மாதாமாதம் டாக்டர் பீஸும் மாத்திரையும் கைக்காசுதான். பேசாமல் நிறுத்திவிட்டு அந்தப் பணத்தை பேங்கில் போட்டு வைக்கலாமா?
– வாசகர், உடுமலைப்பேட்டை

பதில்: நிறுத்தாதீர்கள் ஐயா. உங்கள் கடுப்பு நியாயம்தான். ஆனால் இப்போது விட்டுவிட்டுப் பின்னால் புதிதாக எடுக்கப் போனால், ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு மூன்று வருஷம் வரை காத்திருக்கச் சொல்வார்கள். நீங்களோ அதையெல்லாம் எப்போதோ தாண்டிவிட்டீர்கள். அதைவிட முக்கியம், விடாமல் 60 மாதம் கட்டிய பாலிசியில், மோசடி என்று நிரூபித்தால் தவிர, 'நோயை முன்பே சொல்லவில்லை' என்று கிளெய்மை மறுக்க முடியாது. கோபத்தில் இதைத் தூக்கிப் போடுவானேன்?

விலைக்கு வருவோம். 60 வயது தாண்டியவர்களுக்கு வருஷத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றுவதென்றால் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளைக் கட்டுப்படுத்தும் அரசு அமைப்பான ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யைக் கலந்துகொண்டுதான் ஏற்ற வேண்டும் என்று 2025 ஜனவரியில் உத்தரவு வந்தது. உங்களுக்கு ஏறியிருப்பது 21 சதவீதம். ஏஜென்ட்டிடம் போனில் சண்டை போட்டுப் பிரயோஜனமில்லை, கம்பெனிக்கு ஈமெயில் போட்டுக் காரணம் கேளுங்கள். தனிநபர் பாலிசிக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் கிடையாது, அதையும் ரினியூவல் நோட்டீஸில் சரிபாருங்கள். வேறு கம்பெனிக்கு மாறுவதென்றால் ரினியூவலுக்கு 45 நாள் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். சர்க்கரையைப் பார்த்துவிட்டு அவர்கள் மாட்டேன் என்றும் சொல்லலாம், சரி என்று எழுத்தில் வரும்வரை பழையதைத் தொடாதீர்கள்.

அப்புறம் டாக்டர் பீஸ். பெரும்பாலான பாலிசிகள் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால்தான் பணம் தரும், கிளினிக் செலவு நம் தலையில்தான். அதற்காக வழக்கமாகப் பார்க்கும் டாக்டரை விட்டுவிடாதீர்கள், கிளெய்முக்கே அவர் தேவைப்படுவார். அவசரத்தில் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனால் கேஷுவாலிட்டியில் "எத்தனை வருஷமா சுகர்?" என்பார்கள். பதற்றத்தில் நிற்கும் மகன் "ஒரு பதினஞ்சு வருஷம் இருக்கும் சார்" என்று குத்துமதிப்பாகச் சொல்ல, அது அப்படியே கேஸ் ஷீட்டில் ஏறிவிடும். பாலிசி எடுத்தது ஏழு வருஷம் முன்புதானே, நோயை மறைத்து மோசடியாக எடுத்தார் என்று கம்பெனி கிளப்ப அந்த ஒரு வரி போதும். சர்க்கரை முதலில் தெரியவந்த தேதி உங்கள் டாக்டரின் பழைய சீட்டில் இருந்தால் வாதாடவே வேண்டியதில்லை. அதை ஃபைலில் போட்டு, ஃபைல் எந்த பீரோவில் இருக்கிறதென்று வீட்டில் சொல்லிவையுங்கள்.

மாத்திரைச் செலவைக் குறைக்க வழி இருக்கிறது. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகள் இலவசம்; 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். நீங்கள் சாப்பிடும் அதே மருந்து அங்கே இல்லையென்றால் நீங்களாக மாற்றிக்கொள்ளாமல் டாக்டரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள்.