மூன்றாம் வகுப்புப் பிள்ளையை 'மொட்டு' என்றால் என்ன அர்த்தம்?

மகள் அரசுப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு, டீச்சர் அவளை 'மொட்டு' நிலை என்கிறார், அப்படியென்றால் ஃபெயிலா என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஃபெயில் இல்லை, பயப்பட வேண்டாம். தமிழ்நாட்டில் 2022-இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் வரும் பெயர் அது. கொரோனா காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்ததால் பல பிள்ளைகளுக்கு எழுத்துக்கூட்டிப் படிப்பதே சிரமமாகிவிட்டது. வகுப்பு ஒன்றாக இருந்தாலும் கற்றல் நிலை ஒன்றாக இல்லை. அதனால் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள். அரும்பு தொடக்க நிலை, மலர் என்றால் வகுப்புக்கு ஏற்ற நிலை. உங்கள் மகள் நடுவில் இருக்கிறாள். ஒரு பிள்ளை தமிழில் மலராகவும் கணக்கில் அரும்பாகவும் இருக்கலாம், அதனால் எந்தப் பாடத்தில் மொட்டு என்று முதலில் கேளுங்கள். பெயர் அழகாக இருந்தாலும் வீட்டில் அதை வைத்துப் பட்டம் கட்டிவிடாதீர்கள்!

அப்புறம் பயிற்சி நூலைப் புரட்டிப் பாருங்கள். மதிப்பெண்ணைவிட அது நிறையச் சொல்லும். ஒற்றெழுத்தில் தடுமாறுகிறாளா, கடன் வாங்கிக் கழிப்பதில் தவறுகிறதா என்று தெரிந்துவிடும்.

பள்ளி எப்படி நடக்கிறது என்று கவனிக்கப் பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒன்றும் இருக்கிறது. 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டப்படி அதில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். கூட்டம் நடக்கும் நாளைக் கேட்டுக்கொண்டு போங்கள்.