நரம்பு அடிபட்டால் தசை ஏன் விழுந்துபோகிறது? கேள்வி பதில்

டாக்டர், காலையில் எழுந்ததும் அப்பாவுக்கு வாய் கோணியிருக்கிறது. ஒரு கண் மூடவில்லை. பக்கவாதமா?

புருவத்தைத் தூக்கச் சொல்லுங்கள். அந்தப் பக்க நெற்றியும் சுருங்காவிட்டால் பெரும்பாலும் முகவாதம். முகத்தை அசைக்கும் ஏழாவது நரம்பு வீங்கி, காதருகே உள்ள குறுகலான எலும்புப் பாதையில் நெரிபடுகிறது. நெற்றி சுருங்கி வாய் மட்டும் கோணினாலோ, கை கால் தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ கோளாறு மூளையில் இருக்கலாம், அதுதான் பக்கவாதம். மூளை ரத்தக்குழாயின் அடைப்பைக் கரைக்கும் ஊசியை, அறிகுறி தொடங்கியதிலிருந்து வழக்கமாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். இந்தச் சோதனையை நம்பி வீட்டிலேயே முடிவு கட்டாதீர்கள், உடனே கிளம்புங்கள். முகவாதமாகவே இருந்தாலும் ஸ்டீராய்டு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்குவதுதான் நல்லது.

எல்லோரும் வாயைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். எனக்குக் கவலை கண்ணைப் பற்றித்தான். வாய் பெரும்பாலானோருக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ நேராகிவிடும். மூடாத கண் காய்ந்து கருவிழியில் புண் வந்தால் பார்வையே போகலாம். பகலில் சொட்டு மருந்து, இரவில் களிம்பு போட்டு, இமையை மூடி டேப் ஒட்டுங்கள்.

புறா ரத்தம் தடவச் சொல்கிறார்களே?

வேண்டாம் அம்மா. அதற்கு ஆள் தேடும் நேரத்தில் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம்.

நாற்காலியின் முதுகுச் சட்டத்தில் கையைத் தொங்கவிட்டுத் தூங்கிவிட்டேன். மணிக்கட்டைத் தூக்க முடியவில்லை. சரியாகுமா சார்?

பெரும்பாலும் சரியாகும் தம்பி. மேல்கை எலும்பை ஒட்டிப் போகும் ரேடியல் நரம்பு நசுங்கியிருக்கிறது. நரம்புக் காயத்தை மூன்று நிலையாக 1943-இல் செடன் என்ற பிரிட்டிஷ் அறுவை மருத்துவர் வகுத்தார். இன்றும் அதை வைத்தே பேசுகிறோம். முதல் நிலையில் நரம்பு அறுவதில்லை, செய்தி போவது மட்டும் தடைபடுகிறது. சில வாரங்களில் மீளும். உங்களுடையது அநேகமாக இதுதான். இரண்டாவதில் உள்ளிழை அறுந்து உறை மிஞ்சியிருக்கும். அந்த உறைக்குள்ளேயே இழை நாளுக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் வளரும், அதனால் மாதக்கணக்கில் பொறுக்க வேண்டும். மூன்றாவது, முழுதாக அறுந்தது. கத்திக்குத்து, கண்ணாடி வெட்டு மாதிரியான காயங்களில் வரும். தைத்தால்தான் உண்டு. ஒன்றரை வருடம்போல நரம்புத் தொடர்பே இல்லாமல் கிடந்த தசை, பிறகு நரம்பு வந்து சேர்ந்தாலும் வேலை செய்வது அரிது. அதனால் காத்திருப்பதற்கும் ஒரு கெடு உண்டு.

இப்போதைக்கு மணிக்கட்டை நிமிர்த்திப் பிடிக்கும் ஸ்ப்ளின்ட் போடுங்கள். மூன்று வாரத்தில் அசைவு வராவிட்டால் நரம்பில் செய்தி எப்படிப் போகிறது என்று மின்தூண்டலால் பார்க்கும் நரம்புக் கடத்தல் சோதனை செய்ய வேண்டும்.

பக்கவாதம் வந்த மாமாவுக்குக் கை விறைத்திருக்கிறது. விபத்தில் நரம்பு போன அண்ணனுக்குக் கை துவண்டு மெலிகிறது. ஏன் இந்த வித்தியாசம்?

தசைக்கு நேரே வரும் நரம்பு அறுந்தால் தசை துவண்டு சூம்பும். மூளையிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கும் வழி கெட்டால், கீழே உள்ள நரம்பு மூளையின் கட்டுப்பாடு இல்லாமல் தசையை விடாமல் இறுக்கும். முதலில் தளர்ந்திருந்து, போகப்போகத்தான் விறைக்கும்.

தொழுநோய் குணமாகிவிட்டது, ஆனால் விரல்கள் மடங்கியே இருக்கின்றன. இனி வழியில்லையா ஐயா?

வழி இருக்கிறது. மருந்து கிருமியைக் கொல்லும், ஆனால் நாள்பட்டுச் செத்த அல்னார் நரம்பை, அதாவது முழங்கை வழியாக விரல்களுக்கு வரும் நரம்பை, எழுப்பாது. நன்றாக இருக்கும் வேறொரு தசையின் நாணை விரலுக்கு மாற்றித் தைக்கலாம். வேலூர் சி.எம்.சி.யில் 1940களின் இறுதியில் பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர் இந்தக் கைகளுக்காகவே இந்த முறையை வளர்த்தார். மூட்டுகள் இறுகும் முன் போய்க் காட்டுங்கள். உணர்ச்சி திரும்பாது. அதனால் சூடான பாத்திரத்தை வெறுங்கையால் தொட வேண்டாம்.

தங்கைக்கு இரண்டு வாரம் முன் வயிற்றுப்போக்கு. இப்போது இரண்டு காலும் தளர்ந்து, இன்று கையும் தளர்கிறது.

இதைப் படித்ததும் கிளம்புங்கள், ஐசியூ உள்ள மருத்துவமனைக்கு. கில்லன் பாரே நோயாக இருக்கலாம். கிருமியை எதிர்த்த உடலே நரம்பையும் தாக்குகிறது. தளர்ச்சி மேலேறி மூச்சுத் தசையைப் பிடிக்கலாம். இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப் புரத ஊசியோ, ரத்தத்தின் நீர்ப்பகுதியை மாற்றும் பிளாஸ்மா மாற்றமோ சீக்கிரம் தொடங்கினால் பெரும்பாலானோர் மறுபடி நடக்கிறார்கள். போகும்போது வாயில் எதுவும் கொடுக்காதீர்கள், விழுங்கும் தசையும் தளர்ந்திருக்கலாம்.