வாசகர் கேள்வி பதில்: வெளிநடப்பும் வாக்குக் கணக்கும்

எங்கள் பிரதேச சபைப் பாதீட்டு (வரவுசெலவுத் திட்ட) அமர்வுக்கு ஆளுந்தரப்பில் மூன்று பேர் வரவில்லை. அப்படியிருந்தும் எதிரணியினர் கோஷம் போட்டுக்கொண்டு வெளியேறினார்கள், பாதீடு நிறைவேறிவிட்டது. வெளியேறியது எதிர்வாக்காகக் கணக்கில் வராதா?
– வாசகர், களுவாஞ்சிக்குடி

வராது. சமுகமாக இருந்து வாக்களித்தவர்களில் எந்தப் பக்கம் கூட என்பதுதான் கணக்கு. 20 பேர் கொண்ட ஒரு சபையில் ஆளுந்தரப்பு 11, எதிரணி 9 என்று வைத்துக்கொள்ளுங்கள். மூவர் வராவிட்டால் 8க்கு 9, பாதீடு தோற்கும். அந்த ஒன்பது பேரும் எழும்பிப் போனால் 8க்கு 0. கைக்கு வந்த வெற்றியை அவர்களே விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். யாழ்ப்பாண மாநகர சபையில் 2020 டிசம்பரில் பாதீடு இரண்டாம் தடவையும் தோற்று முதல்வர் பதவி இழந்தது, எதிர்த்தவர்கள் ஆசனத்தில் இருந்து வாக்களித்ததால்தான். ஆகவே வெளியேற முதல் தலைகளை எண்ண வேண்டும். மற்றப் பக்கத்தில் ஆள் குறைவென்றால் அசையக் கூடாது.

பாராளுமன்றத்திலும் இதே கணக்கா?
– வாசகி, அக்கரைப்பற்று

சாதாரண பிரேரணைக்கும் சட்டமூலத்துக்கும் இதேதான். 2018 நவம்பர் 29 அன்று பிரதமர் அலுவலகச் செலவை நிறுத்தும் பிரேரணை 123க்கு 0 என்று நிறைவேறியது. அப்போது பிரதமராக நியமிக்கப்பட்டிருந்த மஹிந்த ராஜபக்ஷவின் தரப்பு சபையைப் பகிஷ்கரித்திருந்தது.

அரசியலமைப்புத் திருத்தம் வேறு. அங்கே வராதவர்களையும் சேர்த்து மொத்த 225 பேரில் மூன்றில் இரண்டு, அதாவது 150 வாக்கு வேண்டும். வெளியே நின்றாலும் எதிர்த்து வாக்களித்தாலும் அந்த 150 மாறாது. மாறுவது பதிவுதான். 2010 செப்டெம்பர் 8 அன்று, ஒருவர் இரண்டு தடவைதான் ஜனாதிபதியாகலாம் என்ற வரம்பை நீக்கிய 18ஆவது திருத்தம் 161க்கு 17 என்று நிறைவேறியது. பிரதான எதிர்க்கட்சியான ஐக்கிய தேசியக் கட்சி வாக்கெடுப்பைப் பகிஷ்கரித்ததால், எதிர்த்தோர் பட்டியலில் அந்தக் கட்சி இல்லை. தமிழ்த் தேசியக் கூட்டமைப்பில் தெரிவான அம்பாறை உறுப்பினர் ஆதரவாக வாக்களித்ததோ பெயரோடு பதிவாகியிருக்கிறது. அம்பாறைத் தமிழ் வாக்காளர் அவரிடம் கணக்குக் கேட்க அந்தப் பதிவு இருந்தது. வராதவரிடம் எதைக் காட்டிக் கேட்பது?

நான் புதிய உறுப்பினர். வெளிநடப்பு செய்துதான் ஆகவேண்டும் என்றால் எப்படிச் செய்வது?
– பிரதேச சபை உறுப்பினர், வாழைச்சேனை

அமர்வுக்கு முதல் நாளே உங்கள் அணி கூடி, யார் பேசுவது, எந்த விடயத்தில் எழும்புவது என்று தீர்மானியுங்கள். ஒருவர் கோபத்தில் எழும்ப மற்றவர்கள் இழுபட்டுப் போவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை.

தவிசாளரிடம் அனுமதி கேட்டு, காரணத்தை இரண்டு மூன்று வசனத்தில் சொல்லி, அதையே கையொப்பமிட்ட கடிதமாகச் செயலாளரிடம் கொடுங்கள். ஒலிவாங்கி இல்லாமல் எல்லாரும் ஒன்றாகக் கத்தினால் கூட்டறிக்கையில் (அமர்வின் பதிவில்) “அமைதியின்மை ஏற்பட்டது” என்று ஒரு வரிதான் வரும். வாக்கெடுப்பு இருந்தால் பெயர் கூப்பிட்டுப் பகிரங்கமாக நடத்தக் கேட்டு, எதிர்த்து வாக்களித்த பிறகு வெளியேறுங்கள். அதுதான் நல்லது.

எல்லாரும் போகாதீர்கள். ஒருவரையாவது உள்ளே விடுங்கள். நிகழ்ச்சிநிரலில் இல்லாத பிரேரணை அந்த நேரம் பார்த்து வரலாம். பாராளுமன்றத்தையே பாருங்கள்: அங்கே கோரம், அதாவது இருக்க வேண்டிய ஆகக் குறைந்த எண்ணிக்கை, 20 பேர், ஆனால் அது குறைந்தால் சபை தானாகக் கலையாது. யாராவது எழும்பி, தலைமை தாங்குபவரின் கவனத்துக்குக் கொண்டுவர வேண்டும். எதிரணி முழுவதும் வெளியே நின்றால் அதை யார் சொல்வது?

அடுத்த அமர்வில் கூட்டறிக்கையை உறுதிப்படுத்தும்போது கட்டாயம் வாசியுங்கள். உங்கள் காரணம் விடுபட்டிருந்தால் திருத்தம் கேட்க அதுதான் நேரம்.

தொடர்ந்து சபைக்குப் போகாமலே விட்டால் அரசுக்கு நெருக்குதல் வராதா?
– வாசகர், திருக்கோவில்

அனுமதி பெறாமல் தொடர்ந்து மூன்று மாதம் அமர்வுகளுக்குப் போகாத பாராளுமன்ற உறுப்பினரின் ஆசனம் வெறிதாகும். அரசியலமைப்பின் 66ஆவது உறுப்புரை அப்படிச் சொல்கிறது. 1983இல், தனிநாட்டை ஆதரிப்பதில்லை என்ற ஆறாம் திருத்தத்தின் சத்தியப்பிரமாணத்தை மறுத்துச் சபைக்குப் போகாத தமிழர் விடுதலைக் கூட்டணியினர் இப்படித்தான் ஆசனம் இழந்தார்கள். கொள்கைக்காகத் தெரிந்தே கொடுத்த விலை அது, குறை சொல்ல மாட்டோம். ஆனால் அடுத்த பொதுத்தேர்தல் 1989இல்தான் வந்தது. அந்த இடைவெளியையும் கணக்கில் வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவில் மேய்ச்சல்தரைப் பிரச்சினைக்கு வெளிநடப்பு செய்கிறார்களே, பலன் உண்டா?
– வாசகர், மட்டக்களப்பு

அது சட்டமியற்றும் சபையல்ல. அங்கே உங்களுக்குத் தேவை அதிகாரிகளின் பதில். எழும்பிப் போனால் பதில் சொல்ல வேண்டியவர் தப்பிவிடுவார். கேள்வியை முன்கூட்டியே எழுத்தில் கொடுத்து, எந்தத் திணைக்களம் எந்தத் திகதிக்குள் பதில் தரும் என்பதைக் கூட்டக் குறிப்பில் ஏற்றச் சொல்லுங்கள். அந்தக் குறிப்பை 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மாவட்டச் செயலகத்தில் கேட்கலாம். தருவதா இல்லையா என்று தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும்.