கேள்வி – பதில்: அரசாங்க வேலைத் தேர்வும் நாட்டு நடப்பும்

பெஸ்தாரி ஜெயாவிலிருந்தும் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்தும் வந்த கேள்விகளை இம்மாதம் எடுத்துக்கொண்டோம். (பத்தாங் பெர்ஜுந்தை என்ற பழைய பெயரைச் சொன்னால்தான் பெரியவர்களுக்குப் புரியும்.) மலேசியப் பொதுச் சேவை ஆணையத்தின் தேர்வுக்கும் நேர்முகத்துக்கும் தயாராகும் பிள்ளைகள் கேட்டவை இவை.

கேள்வி: தமிழ்ப் பத்திரிகையைத் தினமும் வாசிக்கிறேன், மின்னல் எஃப்எம் செய்தியையும் விடுவதில்லை. ஆனாலும் மாதிரித் தேர்வில் பொது அறிவுப் பகுதியில் தடுமாறுகிறேன். எங்கே கோளாறு?
(எஸ்.டி.பி.எம். முடித்த வாசகி)

தங்கச்சி, உங்களுக்குச் செய்தி தெரிகிறது. அந்தச் செய்தியின் தேசிய மொழிப் பெயர்தான், அதாவது மலாய்ப் பெயர்தான், தெரியவில்லை. மக்களவை என்று படித்தது தேர்வுத் தாளில் 'டேவான் ராக்யாட்' என்று வரும். மேலவை 'டேவான் நெகாரா', குறைந்தபட்சச் சம்பளம் 'காஜி மினிமம்', அரசிதழில் வெளியிடுவது 'வார்த்தா'.

எல்லாவற்றிலும் வழுக்கலான இடம் பதவிப் பெயர்கள். மாமன்னர் 'யாங் டி-பெர்துவான் அகோங்'. பினாங்கு, மலாக்கா, சபா, சரவாக் ஆளுநர்கள் 'யாங் டி-பெர்துவா நெகிரி'. கடைசி 'ன்' ஒன்றுதான் முதல் பார்வையில் வேறுபாடு, அவசரத்தில் கண் தாண்டிப் போய்விடும். மாமன்னரின் தவணை 5 ஆண்டு, ஆளுநரின் தவணை 4 ஆண்டுக்கு மேற்போகாது. ஆளுநர்கள் ஆட்சியாளர்கள் மன்றத்தில் அமர்வார்கள், ஆனால் மாமன்னரைத் தேர்ந்தெடுக்கும் வாக்கு அவர்களுக்கு இல்லை. அதே போல, 'தலைமை நீதிபதி' என்று தமிழில் படித்தால் அது 'கெத்துவா ஹாக்கிம் நெகாரா'வா, மலாயாவுக்குரிய 'ஹாக்கிம் பெசார்' பதவியா என்று பார்த்துக் குறியுங்கள்.

ஒரு நோட்டுப் புத்தகம் போதும். இடப்பக்கத்தில் தமிழில் செய்தி, வலப்பக்கத்தில் அதே பெயர் தேசிய மொழியில், ரூமி (ரோமன்) எழுத்தில். ரூமியில் எழுதிப் பழகாத சொல்லைக் கட்டுரைப் பகுதியில் எழுத்துப் பிழையோடுதான் எழுதுவீர்கள்.

கேள்வி: அண்ணன் வாங்கிய 2018ஆம் ஆண்டு வழிகாட்டி நூல் வீட்டில் இருக்கிறது. அதை வைத்தே படிக்கலாமா?
(செம்பனை ஆலை ஊழியர்)

கணக்கு, சிந்தனைத் திறன் பயிற்சிகளுக்குத் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். பொது அறிவுப் பக்கங்களை மட்டும் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்து திருத்துங்கள், தம்பி. அந்தத் திருத்தும் வேலையே நல்ல படிப்பு.

முதலில் பிரதமர்கள். 2018 மே மாதத்துக்குப் பிறகு துன் மகாதீர் 7ஆவது, முகிதீன் யாசின் 8ஆவது, இஸ்மாயில் சப்ரி 9ஆவது, அன்வார் இப்ராஹிம் 10ஆவது பிரதமர். அன்வார் பதவியேற்றது 2022 நவம்பர் 24. பொதுத் தேர்தல் நடந்த நாள் நவம்பர் 19. இந்த இரண்டு தேதிகளையும் மாற்றி எழுதுகிறவர்கள் நிறைய.

மாமன்னர் பக்கம்: சுல்தான் இப்ராஹிம் 17ஆவது மாமன்னர், 2024 ஜனவரி 31 முதல். இதில் பெயரை விட வரிசை முக்கியம். நெகிரி செம்பிலான், சிலாங்கூர், பெர்லிஸ், திரெங்கானு, கெடா, கிளந்தான், பகாங், ஜொகூர், பேராக் என்று மாமன்னர் பதவி 9 மாநில ஆட்சியாளர்களிடையே சுற்றிவரும் வரிசை தெரிந்தால், பகாங்குக்குப் பின் ஜொகூர் வந்த காரணத்தை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

நூலில் வாக்களிக்கும் வயது 21 என்றிருக்கும், அதை 18 ஆக்குங்கள். ஆசியானில் 10 நாடுகள் என்றிருக்கும். 2025 அக்டோபர் 26 அன்று கோலாலம்பூர் மாநாட்டில் திமோர் லெஸ்தே சேர்ந்து 11 ஆயிற்று. யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத் தளங்கள் மலேசியாவில் 4 என்றிருக்கும். 2024இல் நியா குகைகளும் 2025இல் கெப்போங் வன ஆய்வுக் கழகப் பூங்காவும் சேர்ந்து 6 ஆகின. நிர்வாக, அரசதந்திர அதிகாரிப் பதவியை எம்41 என்று போட்டிருப்பார்கள். புதிய ஊதிய முறை நடப்புக்கு வந்த 2024 டிசம்பர் 1 முதல் அது எம்9. நேர்முகத்தில் விண்ணப்பித்த பதவியின் தரத்தையே பழைய எண்ணில் சொன்னால், பழைய நூல் படித்து வந்திருக்கிறீர்கள் என்பது முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிடும்.

மாறாதவற்றை அடிக்காதீர்கள். மக்களவை 222 இடங்கள், மேலவை 70 பேர் (மாநிலச் சட்டமன்றங்கள் தேர்ந்தெடுப்பவர்கள் 26, நியமனம் 44), 1970 ஆகஸ்ட் 31இல் அறிவித்த ருக்குன் நெகாரா (தேசியக் கோட்பாடு), எல்லாம் அப்படியேதான் இருக்கின்றன.

கேள்வி: 2026 வரவு செலவுத் திட்டம் ஓரிடத்தில் 419.2 பில்லியன், இன்னோரிடத்தில் 470 பில்லியன், தமிழ்ப் பத்திரிகையில் 41,920 கோடி. எதை எழுதுவது?
(எஸ்.பி.எம். முடித்த வாசகர்)

மூன்றும் சரிதான். 2025 அக்டோபர் 10 அன்று தாக்கல் செய்த கூட்டரசு அரசாங்கத்தின் ஒதுக்கீடு 419.2 பில்லியன் வெள்ளி (ரிங்கிட்). நிர்வாகச் செலவு 338.2 பில்லியன், மேம்பாட்டுச் செலவு 81 பில்லியன், கூட்டிப் பாருங்கள். அரசு சார்ந்த முதலீட்டு நிறுவனங்கள் போன்றவற்றின் செலவையும் சேர்த்துச் சொன்னால் 470 பில்லியன். கேள்வியில் எந்தத் தொகையைக் கேட்கிறார்கள் என்று வாசித்துப் பதில் எழுத வேண்டும். 'பெலன்ஜாவான் 2026' என்று மட்டும் இருந்தால் 419.2.

கோடிக் கணக்கு எளிது: 1 பில்லியன் என்றால் 100 கோடி. 2025 ஜூலை 31இல் தாக்கலான 13ஆவது மலேசியத் திட்டத்தின் (2026–2030) 611 பில்லியன், தமிழில் 61,100 கோடி. ஒரு சுழியம் விட்டுப்போவது இந்த மாற்றத்தில்தான். நோட்டில் பில்லியனாகவே எழுதி வாருங்கள்.

கேள்வி: ஒரே சட்டத்துக்கு ஆளுக்கொரு தேதி சொல்கிறார்கள். எது சரி?
(தோட்டப் பாலர் பள்ளி ஆசிரியை)

ஆசிரியையம்மா, சட்டத்துக்குப் பல தேதிகள் உண்டு: அறிவித்த நாள், மக்களவையில் நிறைவேறிய நாள், அரசிதழில் வந்த நாள், நடப்புக்கு வந்த நாள். 18 வயது வாக்குரிமை மக்களவையில் நிறைவேறியது 2019 ஜூலை 16. நடப்புக்கு வந்தது 2021 டிசம்பர் 15. இடையில் இரண்டு ஆண்டுக்கு மேல் ஓடிவிட்டது. தானாகவே வாக்காளராகப் பதிவாகும் முறையும் அன்றே நடப்புக்கு வந்தது. கட்சித் தாவல் தடை, அதாவது அரசியலமைப்பின் 49ஏ பிரிவு, நிறைவேறியது 2022 ஜூலை 28, நடப்புக்கு வந்தது அக்டோபர் 5.

1,700 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளம் நம் தோட்டங்களில் எல்லோருக்கும் தெரியும், தேதிதான் குழப்பம். 2024 அக்டோபர் 18 அறிவிப்பு. 5 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடங்களுக்கு 2025 பிப்ரவரி 1. 5 பேருக்குக் குறைவான இடங்களுக்கு ஆகஸ்ட் 1. 'பெர்குவாத்குவாசா' என்ற சொல் கேள்வியில் இருந்தால் நடப்புக்கு வந்த தேதியைத்தான் கேட்கிறார்கள். 'டிலுலுஸ்கான்' என்றிருந்தால் நிறைவேறிய தேதி.

கேள்வி: ஒரு நாளைக்கு 40 நிமிடம்தான் கிடைக்கிறது. உலகச் செய்திக்கு எவ்வளவு ஒதுக்குவது?
(இரவு வேலை பார்க்கும் வாசகர்)

10 நிமிடம் போதும், அதுவும் மலேசியாவைத் தொடும் செய்தியிலிருந்து தொடங்குங்கள். 15 நிமிடம் உள்நாடு, மீதி 15 நிமிடம் பழைய குறிப்பை மூடி வைத்துச் சொல்லிப் பார்ப்பது. அந்தக் கடைசிப் பகுதியைத்தான் எல்லோரும் வெட்டுகிறார்கள், மறந்து போவதும் அதனால்தான். உலகச் செய்தியில் உறுப்பினரா, பங்காளியா என்று கவனியுங்கள். பிரிக்ஸ் அமைப்பில் இந்தோனேசியா 2025 ஜனவரியில் முழு உறுப்பினரானது. மலேசியா அதே மாதம் 1ஆம் தேதி முதல் பங்காளி நாடு.

கேள்வி: நேர்முகத்தில் 'உங்கள் ஊரைப் பற்றிச் சொல்லுங்கள்' என்றால், தோட்டம் என்று சொல்லத் தயக்கமாக இருக்கிறது.
(பட்டதாரி வாசகி)

தயங்கவே வேண்டாம், அம்மா. நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம், 1917இல் நட்டது, உங்கள் ஊரின் தென்னமரம் தோட்டம்தான். அதிலிருந்து இன்றைய செய்திக்கு நேராக வழி இருக்கிறது. காடழிப்புக்கு எதிரான ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி, 2020 டிசம்பர் 31க்குப் பிறகு காடழித்த நிலத்தில் விளைந்த பொருளை ஏற்காது. அதன் பட்டியலிலுள்ள ஏழு பொருள்களில் செம்பனையும் ரப்பரும் உண்டு. 2025 மே மாதம் மலேசியாவை நடுத்தர அபாயப் பிரிவில் வைத்தார்கள். நம் பக்கத்துப் பதில், 2020 முதல் கட்டாயமான எம்.எஸ்.பி.ஓ. சான்றிதழ், அதாவது மலேசிய நிலைத்தன்மைச் செம்பனை எண்ணெய்ச் சான்றிதழ்.

லயத்து வீடுகளைப் பற்றிக் கேட்டால் சட்டம் 446ஐச் சொல்லுங்கள். தோட்ட, சுரங்கத் தொழிலாளர்களின் குடியிருப்புக்காக 1990இல் வந்தது. 2019இல் திருத்தி, 2020 ஜூன் 1 முதல் மற்றத் துறைத் தொழிலாளர்களின் தங்குமிடங்களுக்கும் விரிவாக்கினார்கள். இவ்வளவையும் இரண்டு நிமிடத்துக்குள், தேசிய மொழியில், கடிகாரம் வைத்துச் சொல்லிப் பழகுங்கள். 1917இல் தொடங்கி சட்டம் 446இல் முடித்தால் கோர்வையாக வரும்.